உள்ளூர்ப் பொதுச்சேவை வாரியங்களின் திறந்த கூட்டங்கள் (கலிபோர்னியா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில் மின்சாரம், குடிநீர், பாசனநீர், கழிவுநீர் அகற்றல் போன்ற சேவைகளை வழங்கும் உள்ளூர் அரசு அமைப்புகளின் ஆட்சிக்குழுக்கள் தம் கூட்டங்களை மக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்பது சட்டம் ஆகும். இக்கடமையை விதிப்பது 1953 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ரால்ஃப் எம். பிரவுன் சட்டம் ஆகும். இது சுருக்கமாகப் பிரவுன் சட்டம் எனப்படுகின்றது. அம்மாநில அரசுச் சட்டத்தொகுப்பில் 54950 ஆம் பிரிவு முதல் இது இடம்பெற்றுள்ளது. நகர மன்றங்கள், கவுண்டி மேற்பார்வையாளர் குழுக்கள், பள்ளி வாரியங்கள் ஆகியவற்றுக்கும் இதே சட்டம் பொருந்தும். இக்கட்டுரை பொதுச்சேவை வாரியங்களுக்கு இது எவ்வாறு பொருந்துகின்றது என்பதை விளக்குகின்றது.

வரலாறு

1952 இல் சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் நாளிதழில் செய்தியாளர் மைக்கேல் ஹாரிஸ் பத்துப் பகுதிகள் கொண்ட கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதினார். உள்ளூர் அமைப்புகள் முன்னரே தனியே கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு, பொதுக் கூட்டத்தில் அம்முடிவைப் பெயரளவில் அறிவிக்கும் வழக்கத்தை அத்தொடர் வெளிப்படுத்தியது. இதன் விளைவாக மொடெஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் எம். பிரவுன் கொண்டுவந்த சட்டமுன்வரைவு 1953 இல் நிறைவேறியது. அப்போதைய ஆளுநர் ஏர்ல் வாரன் அதில் கையொப்பமிட்டார். பிரவுன் பின்னர் மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவரானார்.

பிரவுனின் ஊரான மொடெஸ்டோவில் 1887 இல் தொடங்கப்பட்ட பாசன மாவட்டம் ஒன்று உள்ளது. இது பாசனநீருடன் மின்சாரத்தையும் வழங்கும் உள்ளூர்ப் பொதுச்சேவை அமைப்பாகும்.

பிற்காலத்தில் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 2004 இல் வாக்காளர்கள் ஏற்ற 59 ஆம் முன்மொழிவு, அரசு அமைப்புகளின் கூட்டங்களையும் ஆவணங்களையும் அணுகும் உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்த்தது. 2014 இல் ஏற்கப்பட்ட 42 ஆம் முன்மொழிவு, உள்ளூர் அமைப்புகள் பிரவுன் சட்டத்தைப் பின்பற்றுவதையே அரசியலமைப்புக் கடமையாக்கியது. அதற்கான செலவை மாநில அரசு ஈடுசெய்ய வேண்டியதில்லை என்றும் ஆக்கியது.

எந்த அமைப்புகளுக்குப் பொருந்தும்

கலிபோர்னியாவில் "மாவட்டம்" என்னும் சொல் ஒரு குறிப்பிட்ட சேவைக்காக மட்டும் அமைக்கப்பட்ட உள்ளூர் அரசு அமைப்பையும் குறிக்கும். இத்தகைய சில அமைப்புகள் வருமாறு:

- சேக்ரமெண்டோ நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம்: மின்சாரம். தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஏழு இயக்குநர்கள்.
- கிழக்கு விரிகுடா நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம்: குடிநீர், கழிவுநீர். தேர்ந்தெடுக்கப்படும் ஏழு இயக்குநர்கள்.
- இம்பீரியல் பாசன மாவட்டம்: கொலராடோ ஆற்று நீர், மின்சாரம். தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து இயக்குநர்கள்.
- லாஸ் ஏஞ்சலஸ் நீர் மற்றும் மின்சாரத் துறை: நகர மேயரால் நியமிக்கப்பட்டு நகர மன்றத்தால் உறுதிசெய்யப்படும் ஐந்து ஆணையர்கள்.

உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவரா நியமிக்கப்பட்டவரா என்னும் வேறுபாடு இச்சட்டத்திற்கு இல்லை. தேர்தலில் வென்று இன்னும் பதவியேற்காதவரும் இதற்குக் கட்டுப்பட்டவரே ஆவார். பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் மின் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு இது பொருந்தாது. அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் ஒரு மாநில அமைப்பு ஆகையால், அதன் கூட்டங்கள் 1967 இன் பாக்லி-கீன் சட்டத்தின் கீழ் வருகின்றன.

முக்கியத்துவம்

தனியார் நிறுவனத்தின் மின்கட்டணத்தை மாநில ஆணையம் ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கின்றது. உள்ளூர்ப் பொதுச்சேவை அமைப்பின் கட்டணத்தையோ அதன் ஆட்சிக்குழுவே தீர்மானிக்கின்றது. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் நகர மன்றத்தின் பங்கும் உண்டு. அதாவது சேவையை விற்பவரும் விலையை முடிவுசெய்பவரும் ஒருவரே. வேறு நிறுவனத்திற்கு மாறும் வாய்ப்பும் பொதுவாகப் பயனாளிக்கு இல்லை. எனவே தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில் ஒரு பயனாளி தன் கருத்தைச் சொல்லக்கூடிய முதன்மையான இடம் வாரியக் கூட்டமே ஆகும். அது மூடப்படுமானால் கட்டண உயர்வின் காரணத்தை அறியும் வழியும் மூடப்படுகின்றது.

கூட்டம் என்பது யாது

ஆட்சிக்குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடி, அக்குழுவின் அதிகாரத்திற்கு உட்பட்ட பொருளைக் கேட்டாலோ பேசினாலோ அது கூட்டம் ஆகும். வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டியதில்லை. ஐவர் குழுவில் மூவரும் எழுவர் குழுவில் நால்வரும் பெரும்பான்மை ஆவர். 1968 இல் சேக்ரமெண்டோ கவுண்டி மேற்பார்வையாளர்கள் ஒரு மன்றத்தில் மதிய உணவு உண்டபடி வேலைநிறுத்தம் குறித்துப் பேசியதும் கூட்டமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேரில் கூடாமல் தொடராகப் பேசுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, ஐவர் குழுவில் முதலாமவர் இரண்டாமவரிடமும், இரண்டாமவர் மூன்றாமவரிடமும் ஒரே கட்டணத் தீர்மானம் பற்றி மின்னஞ்சலில் பேசினால், மூவர் சேர்ந்து பேசியதாகவே கொள்ளப்படும். மேலாளர் ஒருவர் உறுப்பினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, ஒருவர் கருத்தை மற்றவரிடம் சொன்னாலும் அவ்வாறே. ஆயினும் உறுப்பினர் கேட்கும் விளக்கத்தை அலுவலர் தனியே தரலாம்; பிற உறுப்பினர்களின் கருத்தை மட்டும் அவர் எடுத்துச் செல்லக்கூடாது.

நிலைக்குழுக்களும் சட்டத்திற்கு உட்பட்டவை. பெரும்பான்மைக்குக் குறைந்த உறுப்பினர்கள் மட்டுமே கொண்ட தற்காலிக ஆலோசனைக் குழுவிற்கு விலக்கு உண்டு.

அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும்

- வழக்கமான கூட்டம்: குறைந்தது 72 மணி நேரத்திற்கு முன் நிகழ்ச்சி நிரலை மக்கள் எளிதில் காணும் இடத்திலும், அமைப்புக்கு இணையத்தளம் இருப்பின் அதிலும் வெளியிட வேண்டும்.
- சிறப்புக் கூட்டம்: 24 மணி நேர அறிவிப்பு.
- அவசரக் கூட்டம்: பொதுநலத்தையோ பாதுகாப்பையோ கடுமையாகப் பாதிக்கும் நிலைகளில் மட்டும். பொதுவாக, அறிவிப்புக் கோரியுள்ள ஊடகங்களுக்கு ஒரு மணி நேரத்திற்கு முன் தெரிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளும் சுருக்கமாக விளக்கப்பட வேண்டும். விளக்கம் பொதுவாக இருபது ஆங்கிலச் சொற்களைத் தாண்ட வேண்டியதில்லை. நிரலில் இல்லாத பொருள் குறித்து, சில விலக்குகள் தவிர, விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. பெரும்பான்மை உறுப்பினர்களுக்கு வழங்கப்படும் கூட்ட ஆவணங்கள், சட்டம் விலக்கியவை தவிர, பொது ஆவணங்கள் ஆகும்.

மக்களின் உரிமைகள்

கூட்டத்திற்கு வருபவர் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் எனக் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டத்திற்கு இடையூறு இல்லாதவரை ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம். ஒவ்வொரு பொருளும் எடுத்துக்கொள்ளப்படும் முன்னரோ எடுத்துக்கொள்ளப்படும்போதோ மக்கள் பேச வாய்ப்பளிக்க வேண்டும். வழக்கமான கூட்டங்களில் நிரலில் இல்லாத, ஆனால் வாரியத்தின் அதிகாரத்திற்கு உட்பட்ட பொருள் பற்றியும் பேசலாம். நியாயமான நேர வரம்பு விதிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுவோருக்கு, உடனிகழ் மொழிபெயர்ப்புக் கருவி இல்லாதபோது, இருமடங்கு நேரம் தர வேண்டும். வாரியத்தின் கொள்கைகளையோ செயல்களையோ குறைகூறுவதைத் தடைசெய்ய முடியாது. உறுப்பினர்கள் இரகசிய வாக்களிக்க முடியாது; யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பது அறிவிக்கப்பட வேண்டும்.

மூடிய அமர்வுகள்

சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் பொருள்களை மட்டுமே மூடிய அமர்வில் பேசலாம். முக்கியமானவை:

1. நிலுவையிலுள்ள அல்லது எதிர்பார்க்கப்படும் வழக்கு குறித்து வழக்கறிஞருடன் ஆலோசனை.
2. அசையாச் சொத்தை வாங்கவோ விற்கவோ பேரம் பேசுபவருக்கு விலை, கட்டணமுறை பற்றிய அறிவுரை.
3. பணியாளர் நியமனம், மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை.
4. ஊதியப் பேச்சுவார்த்தையாளருக்கு அறிவுரை.
5. பொதுக் கட்டடங்களுக்கும், குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, எரிவாயு, மின்சாரம் உள்ளிட்ட இன்றியமையாச் சேவைகளுக்கும் உள்ள பாதுகாப்பு அச்சுறுத்தல்.

கட்டண உயர்வு இப்பட்டியலில் இல்லை. அது திறந்த கூட்டத்திலேயே முடிவுசெய்யப்பட வேண்டும். குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களுக்கு 1996 இல் ஏற்கப்பட்ட 218 ஆம் முன்மொழிவின் விதிகளும் சேர்கின்றன. உயர்வு பற்றி அஞ்சல் மூலம் அறிவித்து, குறைந்தது 45 நாள் கழித்துப் பொது விசாரணை நடத்த வேண்டும்; பெரும்பான்மையோர் எழுத்து மூலம் எதிர்த்தால் உயர்த்த முடியாது. மின்சார, எரிவாயுக் கட்டணங்களுக்கு இவ்விதி பொருந்தாது.

டெக்சாஸ் மாநிலத்தில் இவ்வட்டம் சற்று விரிந்தது. அங்கு பொது மின் அமைப்புகள் தம் வணிகப் போட்டி தொடர்பான பொருள்களை மூடிய அமர்வில் பேசத் தனி விதி உண்டு. புளோரிடாவிலோ ஒரே வாரியத்தின் இரு உறுப்பினர்கள் வாரியப் பணி பற்றிப் பேசினாலே திறந்த கூட்ட விதி பொருந்தும்.

மீறலும் தீர்வும்

மக்களுக்கு உரிய தகவலை மறுக்கும் நோக்குடன், சட்டத்தை மீறி முடிவெடுக்கும் கூட்டத்தில் பங்கேற்கும் உறுப்பினர் சிறு குற்றம் புரிந்தவர் ஆவார். நடைமுறையில் குடிசார் வழக்கே பெரிதும் பயன்படுகின்றது. முடிவைச் செல்லாததாக்க விரும்புவோர் முதலில் அதைத் திருத்துமாறு வாரியத்திடம் எழுத்து மூலம் கோர வேண்டும். இதற்கான காலவரம்பு பொதுவாக 90 நாள். திறந்த கூட்டத்தில் நிரல் விதியை மீறி எடுத்த முடிவுக்கு 30 நாள். வாரியம் 30 நாளுக்குள் திருத்தாவிடில் அடுத்த 15 நாளுக்குள் வழக்குத் தொடரலாம். வெல்லும் மனுதாரருக்கு வழக்குச் செலவை வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம்.

மூடிய அறையின் விளைவுக்கு மத்தியப் படுகை நகராட்சி நீர் மாவட்டம் ஓர் எடுத்துக்காட்டாகும். தென்கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்கு மொத்த நீர் விற்கும் இவ்வமைப்பு 2010 இல் 27.5 இலட்சம் டாலர் கொண்ட சட்ட அறக்கட்டளை நிதியை, மக்களுக்குப் போதிய அளவு தெரிவிக்காமல் ஏற்படுத்தியது என்று மாநிலத் தணிக்கையாளர் 2015 இல் அறிக்கையளித்தார்.

தொலைவழிக் கூட்டங்கள்

2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்றின்போது ஆளுநர் காவின் நியூசம் பிறப்பித்த ஆணைகள் தொலைவழிக் கூட்ட விதிகளைத் தளர்த்தின. 2021, 2022 ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் இத்தளர்வுகளைக் காலவரம்புடன் நீட்டித்தன. 2025 இல் இவ்விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன.

விமர்சனங்கள்

உறுப்பினர்கள் தமக்குள் இயல்பாகக் கலந்துரையாட முடியாமையால் அலுவலர்களின் செல்வாக்கு கூடுகின்றது என்பது இச்சட்டத்தின் மீதான ஒரு விமர்சனமாகும். வழக்கு குறித்த விலக்கை வாரியங்கள் மிகைபடப் பயன்படுத்துகின்றன என்பது எதிர்த்தரப்பின் விமர்சனமாகும். சட்டம் திறந்த கதவை மட்டுமே உறுதிசெய்கின்றது. மக்கள் சொல்வதை ஏற்குமாறு வாரியத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும், முடிவு குறித்த விவாதம் பொதுவில் நடைபெற வேண்டும் என்பதும், யார் எவ்வாறு வாக்களித்தார் என்பது பதிவாக வேண்டும் என்பதும் அடுத்த தேர்தலில் வாக்காளர் பயன்படுத்தக்கூடிய தகவல்களைத் தருகின்றன.