பொதுச் சுவர் வழியே வரும் இரைச்சல்: நோயாளியின் உறக்கத்தைக் காப்பது எப்படி?

செங்கல்பட்டு மாவட்டத்தில் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பெருகி வருகின்றன. நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதிகளின் அடுக்குமாடிகள், மறைமலைநகரின் வரிசை வீடுகள், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களை ஒட்டிய வீடுகள் ஆகிய அனைத்திலும் அண்டை வீட்டாரின் ஒலி நம் அறைக்குள் வருவது இயல்பு. இரவுப் பணி முடித்தவர் பகலில் உறங்குவார். விடியுமுன் கடலுக்குச் செல்லும் மீனவர் முன்னிரவிலேயே உறங்குவார். ஒரு வீட்டின் விழிப்பு நேரம் அடுத்த வீட்டின் உறக்க நேரமாக அமைகிறது. அந்த வீட்டில் நோயாளி ஒருவர் இருந்தால், இடையிலுள்ள சுவரின் தரம் அவரது நலத்தையும் பாதிக்கும்.

ஒலியைத் தடுக்கப் பணம் செலவிடுமுன், அது எவ்வழியாக வருகிறது என்பதை அறிவதே முதல் வேலை.

இரைச்சல் உடலை என்ன செய்கிறது?

சுவர் வழியாக வரும் ஒலி பொதுவாகச் செவித்திறனைக் கெடுக்கும் அளவுக்கு உரத்ததன்று. அது கெடுப்பது உறக்கத்தை. உறங்கும்போதும் காது கேட்டுக்கொண்டே இருக்கிறது. திடீர் ஒலி எழும்போது, நாம் முழுவதும் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு கூடும். ஆழ்ந்த உறக்கம் கலையும். இது நீண்ட காலம் தொடர்ந்தால் உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது.

பின்வருவோருக்குக் கூடுதல் கவனம் தேவை:

• வலிப்பு நோய் உள்ளவர்கள். உறக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடும்.
• இருமுனை மனநோய் உள்ளவர்கள். உறக்கம் குறைவது மனவெழுச்சி நிலையைத் தொடங்கிவைக்கலாம்.
• ஒற்றைத் தலைவலி, காது இரைச்சல், மறதி நோய் உள்ளவர்கள்.
• பிரசவித்த தாய்மார்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவர்கள்.
• ஆட்டிசம் உள்ள குழந்தைகள்.

எவ்வளவு ஒலி இருக்கலாம்?

இந்தியாவின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரையறுக்கின்றன. இரவு என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. இவை வெளிப்புறச் சூழலுக்கான அளவுகள். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலுக்கு மிகாத தொடர் ஒலியே நல்லுறக்கத்துக்கு ஏற்றது என உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால், காதுக்கு ஒலி ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும்.

சுவர் எவ்வளவு தடுக்கும்?

இருபுறமும் சிமென்ட் பூச்சுள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் ஒலியைத் தடுக்கும். அண்டை வீட்டுத் தொலைக்காட்சி 75 டெசிபலில் ஒலித்தால், உங்கள் அறையில் 25 டெசிபலே கேட்கும். அதே ஒலி 40 டெசிபல் மட்டும் தடுக்கும் மெல்லிய சுவர் வழியாக வந்தால், 35 டெசிபலாக நோயாளியின் தலைமாட்டில் கேட்கும். சுவரின் எடை இரு மடங்கானால் தடுப்பு ஐந்து அல்லது ஆறு டெசிபல் கூடும். எடை குறைந்த ஏ.ஏ.சி. கல், ஹாலோ பிளாக் ஆகியவற்றால் கட்டிய மெல்லிய சுவர்கள் செங்கல் சுவரைவிடக் குறைவாகவே தடுப்பது இதனால்தான்.

ஆயினும் சுவரின் கனத்தைவிடப் பிளவுகளே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. நூறு சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறப்பு இருந்தால், எஞ்சிய சுவர் எத்துணை கனமாயினும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

ஒலித் தடுப்பு எவ்வாறு சோதிக்கப்படுகிறது?

ஒரு வீட்டில் ஒலிபெருக்கி வைத்து எல்லா அதிர்வெண்களும் கலந்த சீரான இரைச்சல் எழுப்பப்படும். இரு அறைகளிலும் ஒலியளவு எடுக்கப்பட்டு, பெறும் அறையின் எதிரொலிக்கேற்பத் திருத்தம் செய்யப்படும். மேல்தளத்துக் காலடி ஓசையைச் சோதிக்கச் சிறு சுத்தியல்கள் தரையைத் தட்டும் கருவி பயன்படுகிறது.

இங்கிலாந்தில் 2003 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிய வீடுகளின் பொதுச் சுவர், தாழ்ந்த அதிர்வெண் திருத்தத்துடன் குறைந்தது 45 டெசிபல் தடுக்க வேண்டும். நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016, ஒலியியலுக்குத் தனிப் பிரிவையே கொண்டுள்ளது; ஆயினும் அது பரிந்துரை ஆவணம். ஆகவே வீடு வாங்குவோர் பொதுச் சுவரின் பொருள், தடிமன் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்பது நல்லது.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனை

அண்டை வீட்டாரின் இசைவுடன், அமைதியான நேரத்தில் அவர்கள் வீட்டு வானொலியை வழக்கமான அளவில் ஒலிக்கச் செய்யுங்கள். பின்னர் உங்கள் அறையில்:

1. சன்னலை மூடிக் கேளுங்கள். ஒலி சட்டென்று குறைந்தால், அது சுவர் வழியாக வரவில்லை. சன்னல் வழியாக வருகிறது. கடற்காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைக்கும் நம் பகுதியில் இதுவே அடிக்கடி காணப்படும் நிலை.
2. சுவிட்சுப் பெட்டி, ஏசி குழாய்த் துளை, சுவரும் கூரையும் சேருமிடம், கதவின் அடிப்பகுதி ஆகியவற்றருகே காதை வையுங்கள்.
3. பொய்க்கூரை இருந்தால், அதற்கு மேலே சுவர் தளம்வரை எழுப்பப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.
4. பேச்சு கேளாமல் மிக்ஸி, காலடி, கதவு மோதல் மட்டும் கேட்டால், அது கட்டடத்தின் உடல் வழியே வரும் அதிர்வு. பிளவை அடைப்பதால் அது நிற்காது.

கைப்பேசிச் செயலியின் அளவு துல்லியமன்று. எனினும் ஒரே கைப்பேசியில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட அது பயன்படும்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்

1. நோயாளியின் கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து எதிர்ப்புறத்துக்கு மாற்றுங்கள். செலவில்லாத வழி இது.
2. பிளவுகளைச் சிமென்ட் கலவையாலும், இறுகாத சீலண்டாலும் அடையுங்கள். இருபுறமும் ஒரே இடத்தில் சுவிட்சுப் பெட்டி இருந்தால் மின்பணியாளரைக் கொண்டு ஒன்றை இடம் மாற்றுங்கள்.
3. அதிர்வு வருமானால் அதன் தொடக்கத்திலேயே தடுங்கள். கிரைண்டர், சலவை இயந்திரம் ஆகியவற்றின் கீழ் ரப்பர் விரிப்பு இடுமாறு அண்டை வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
4. இவற்றுக்குப் பின்னும் பேச்சொலி தெளிவாகக் கேட்டால், பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டம் அமைத்து, நடுவில் ராக்வுல் நிரப்பி, இரண்டடுக்கு ஜிப்சம் பலகை பொருத்தலாம். அறையில் மூன்று முதல் நான்கு அங்குலம் குறையும். கடலோர வீடுகளில் துருப்பிடிக்காத திருகுகளையே பயன்படுத்துங்கள். ஈரம் கசியும் சுவரில் கசிவை நிறுத்தாமல் பலகை பொருத்தினால் பூஞ்சை வளரும். அது ஆஸ்துமாவை மிகுவிக்கும்.

செய்யக் கூடாதவை

• முட்டை அட்டை, மெல்லிய ஸ்பாஞ்ச் ஆகியவற்றை ஒட்டாதீர்கள். இவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, அடுத்த வீட்டு ஒலியைத் தடுப்பதில்லை. எளிதில் தீப்பற்றவும் கூடும்.
• காசநோய், ஆஸ்துமா நோயாளி உள்ள அறையின் காற்றோட்டத்தை முழுவதும் அடைக்காதீர்கள்.
• துளையிடும் வேலை நடக்கும் நாள்களில் நுரையீரல் நோயாளியையும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவரையும் அவ்வீட்டில் வைக்காதீர்கள். பணி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்த பின்பே அவர்களை அழைத்து வாருங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து செல்லும் ஒலி

ஆக்சிஜன் செறிவூட்டி, நெபுலைசர் ஆகியவை இரவில் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கலாம். கருவியைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, ரப்பர் விரிப்பின் மீது வையுங்கள். ஓசை குறையட்டும் என்று துணியால் மூடவோ பெட்டிக்குள் வைக்கவோ கூடாது. கருவி சூடேறும், தீ அபாயமும் உண்டு. நோயாளியின் நிலையை அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே கூறுங்கள். காரணம் தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வர். அவர்கள் வீட்டு ஓசையையும் குறைப்பர்.

பேசியும் தீராவிட்டால்

முதலில் குடியிருப்போர் சங்கத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தகைய ஒலி என்ற குறிப்பேடு உதவும். வரையறுத்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ ஒலி மிகுந்தால், மேற்கண்ட விதிகளின்படி உரிய அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். புதிய வீட்டில் கட்டுமான வேலைத்தரக் குறை இருந்தால், ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016இன்படி, உடைமை பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுநரிடம் சுட்டிக்காட்டி, கட்டணமின்றிச் சரிசெய்யக் கோரலாம். நிரப்பாமல் விட்ட சுவர்ப் பிளவு போன்றவற்றை இவ்வாறு எழுத்தில் தெரிவியுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

• வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ உறக்கம் கெட்டு, அது தொடர்ந்தால்.
• உறக்கம் கெட்ட பின் வலிப்பு, நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத மனவெழுச்சி தோன்றினால் உடனடியாக.
• இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாதிருந்தால்.
• பிறர் கேளாத ஒலி நோயாளிக்கு மட்டும் கேட்டால். இது காது நோயாகவோ மனநலச் சிக்கலாகவோ இருக்கலாம். சுவரைச் சீரமைப்பதற்கு முன் பரிசோதனை தேவை.

மருத்துவர் பரிந்துரையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்ளாதீர்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போது உறக்கக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். எந்த நேரத்தில், எதனால் விழிப்பு வந்தது என்ற விவரம் சிகிச்சையைத் தீர்மானிக்க மருத்துவருக்கு உதவும்.