திராவிடோசாரஸின் கேடயம்: ஒரு திருத்தம்

சில வருஷத்துக்கு முன்னால ராஜபாளையத்துல ஒரு பள்ளி விழாவில் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பு என் இஷ்டம். டைனோசர்கள் எதிரிகளிடமிருந்து தங்களை எப்படிக் காத்துக்கொண்டன என்று பேசினேன். கடைசியில் கைதட்டு வாங்கணும்ங்கிற ஆசையில், "முதுகில் தகடும் வாலில் முள்ளும் வைத்த டைனோசர் நம்ம அரியலூர்லயே இருந்திருக்கு, பேரு திராவிடோசாரஸ்" என்று அடித்துவிட்டேன். பலத்த கைதட்டு. அதற்கான திருத்தம்தான் இந்தக் குறிப்பு.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கு அண்ணன் மகனோடு போயிருந்தேன். ஓடையில் கிடந்த கல்லை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இங்க டைனோசர் எலும்பு கிடைக்குமா?" என்றான். கிடைக்காது. நம்ம மலையின் பாறை, பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். டைனோசர்கள் வந்ததோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எலும்பு வேண்டுமானால் அரியலூர், பெரம்பலூர் பக்கம் போகணும். கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் ஏறி இறங்கிய நிலம் அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் பகுதியை அலசி, 1862-இல் அறிக்கை வெளியிட்டார்.

திராவிடோசாரஸ் கதைக்கு வருவோம். 1979-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள், சிறநத்தம் என்ற ஊருக்கு அருகே கிடைத்த எலும்புகளுக்கு 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயர் வைத்தார்கள். மண்டை ஓட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், தகடுகள், வால்முள் என்று பட்டியல் நீண்டது. ஸ்டெகோசாரஸ் குடும்பம் என்றார்கள்.

இது ஏன் பெரிய செய்தி? 1877-இல் அமெரிக்காவில் மார்ஷ் என்பவர்தான் ஸ்டெகோசாரஸுக்குப் பெயர் வைத்தார். தகடுகள் ஓடு வேய்ந்த மாதிரி முதுகில் படுத்திருக்கும் என்று நினைத்ததால் 'கூரைப் பல்லி' என்று பொருள்படும் பெயர். பிறகுதான் அவை நிமிர்ந்து நின்றன என்று தெரிந்தது. மெல்லிய தகடு, உள்ளே ரத்தக்குழாய்களின் தடம். கடி தாங்கும் கவசமாக அது சரிப்படாது. எதிரியிடம் தன்னைப் பெரிதாகக் காட்டவும், இனத்துக்குள் அடையாளம் காட்டவும், உடல் சூட்டைச் சமாளிக்கவும் உதவியிருக்கலாம். உண்மையான ஆயுதம் வால்முள். அலோசாரஸ் என்ற வேட்டையாடியின் வால் எலும்பு ஒன்றில் ஓட்டை இருக்கிறது. ஸ்டெகோசாரஸ் முள் அதில் பொருந்துவதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. தற்காப்புக்கு இவ்வளவு நேரடியான சாட்சி அபூர்வம்.

ஆனால் இந்தக் குடும்பம் உலகின் மற்ற இடங்களில் கிரிட்டேசியஸின் முற்பகுதியிலேயே மறைந்துவிட்டது. நம்ம எலும்புகளின் வயது சுமார் 8.8 கோடி ஆண்டுகள். கடல் நடுவே தனித்தீவாக நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவில் மட்டும் ஒரு கிளை தப்பிப் பிழைத்தது என்று சொன்னால் கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் அதில்தான் விழுந்தேன்.

சிக்கல் என்னன்னா, எலும்பு கிடந்தது கடல் படிவில், அம்மோனைட் ஓடுகள் கிடக்கிற இடம். செத்த விலங்கு ஆற்றில் மிதந்து கடலுக்குப் போயிருக்கலாம், அது நடக்காத காரியமில்லை. ஆனால் 1990-களில் சங்கர் சாட்டர்ஜி, அவருடன் ருத்ரா, எலும்புகளைப் பார்த்துவிட்டு, இது மிகவும் சிதைந்த பிளீசியோசாரின் எலும்பு என்றார்கள். பிளீசியோசார் துடுப்புக் காலால் நீந்திய கடல் ஊர்வன, டைனோசரே அல்ல. மண்டை ஓட்டையும் தகடுகளையும் அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது என்று வேறு சிலர் வாதாடினார்கள். கல்லமேட்டில் கிடைத்த, இதைவிடப் பிந்திய காலத்துத் 'தகடு' ஒன்றும் ஸ்டெகோசார் கணக்கில் இருந்தது. 2017-இல் பீட்டர் கால்டன் அதை மறுபடி ஆராய்ந்து, தகடே இல்லை, தேய்ந்துபோன வேறு எலும்பு என்று எழுதினார். அந்தக் கட்டுரையின் இணை ஆசிரியர் யார் தெரியுமா? 1979 கட்டுரையின் அதே அய்யாசாமி. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்தியாவில் கவசம் ஏமாற்றியது இது முதல் தடவையும் அல்ல. ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் கிடைத்த எலும்புகளையும் தோல்தகடுகளையும் சேர்த்து, 1920-களில் மேட்லி 'லமேட்டாசாரஸ்' என்ற கவச டைனோசரை உருவாக்கினார். 1935-இல் சக்ரவர்த்தி, இது கவச டைனோசர்தானா என்று கேள்வி எழுப்பினார். இடுப்பும் காலும் வேட்டையாடும் டைனோசருடையவை. அடிக்க வந்தவன் காலையும் அடிவாங்கியவன் சட்டையையும் சேர்த்துத் தைத்த கதை!

அப்போ நம்ம நாட்டு டைனோசர்கள் எப்படித்தான் தப்பித்தன? இங்கே அதிகம் கிடைப்பவை டைட்டனோசார்கள், நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகள். ராஜாசாரஸ் போன்ற வேட்டையாடிகள் அவற்றோடு வாழ்ந்தன. வளர்ந்த டைட்டனோசாருக்கு உடம்பே கோட்டை. நம்ம மலையில் வளர்ந்த யானையைப் புலி நெருங்கத் தயங்கும், குட்டி தனியாகச் சிக்கினால் விடாது; அதே கணக்கு. கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸின் கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். அந்த எலும்பு இன்று இல்லை, உதிர்ந்து போய்விட்டது. படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம்.

ஆபத்தெல்லாம் குஞ்சாக இருக்கும்போதுதான். குஜராத்தின் தோலி துங்ரியில் 1980-களில் மொகாபே ஒரு டைட்டனோசார் கூட்டைக் கண்டெடுத்தார். குஞ்சின் எலும்பு என்று நினைத்தவற்றில் ஒரு பகுதி பாம்பினுடையது என்பதை 2001-இல் ஜெஃப்ரி வில்சன் கவனித்தார். 2010-இல் 'சனாஜே இண்டிகஸ்' என்று பெயரிட்டார்கள். நீளம் 3.5 மீட்டர். நொறுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சு. இதற்குத் தற்காப்பு என்ன? நிறைய முட்டை, வேகமான வளர்ச்சி, அவ்வளவுதான். நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவானதாக 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. கூடுகள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன. பெரிய உடம்புக்காரத் தாய் நடுவில் நடமாடக்கூட இடமில்லை. இட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதையெல்லாம் ஓடைக்கரையில் உட்கார்ந்து சொல்லி முடித்ததும் பையன் கேட்டான்: "அது கடல் ஜந்துன்னே முடிவாயிடுச்சுன்னா, பேரை மாத்திடுவாங்களா சித்தப்பா?" மாத்த மாட்டாங்க. பெயர் முதலில் வைத்த எலும்போடு ஒட்டிக்கொண்டது. அது எந்த விலங்காக இருந்தாலும் திராவிடோசாரஸ் என்ற பெயர் அந்த எலும்போடுதான் இருக்கும். பள்ளி ஆசிரியருக்கு இந்தக் குறிப்பை அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளிடம் நேரிலேயே வந்து சொல்லுங்கள் என்றிருக்கிறார்.