கிரேக்க நினைவு நாணயங்களில் பண்டைய விளையாட்டுகள்

கிரேக்க நினைவு நாணயங்களில் பண்டைய விளையாட்டுகள் என்பது, பழங்காலப் போட்டிகளையும் வீரர்களையும் சித்தரித்து நவீன கிரேக்க நாடு வெளியிட்ட நாணயங்களைக் குறிக்கும். இவற்றில் பரவலாக அறியப்பட்டது 2004ஆம் ஆண்டின் 2 யூரோ நாணயம் ஆகும்.

பண்டைய மரபு

விளையாட்டை நாணயத்தில் பொறிக்கும் வழக்கம் கிரேக்கர்களிடையே மிகப் பழமையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கோஸ் தீவின் வெள்ளி நாணயங்களில் வட்டெறியும் வீரனும், அவனருகே பரிசுப் பொருளான முக்காலியும் இடம்பெற்றன. ஆஸ்பென்டோஸ் நகர நாணயங்களில் இரு மல்லர்கள் பிடிபோட்டு நிற்கின்றனர். கி.மு. 356இல் ஒலிம்பியா குதிரைப் பந்தயத்தில் தன் குதிரை வென்றதை மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பு நாணயத்தில் பொறித்தார். கிரேக்க உலகின் வட எல்லையில் இருந்த ஓர் அரசர், தாமும் கிரேக்கரே என்று அறிவிக்க இது உதவியது.

திராக்மா காலம்

ஏதென்சு ஒலிம்பிக்கை முன்னிட்டு 2000ஆம் ஆண்டில் ஆறு வகை 500 திராக்மா நாணயங்கள் வெளியாயின. ஒன்றில் ஒலிம்பியா விளையாட்டரங்கின் வளைவு நுழைவாயில் உள்ளது. மற்றொன்றில் ரோட்சு தீவின் குத்துச்சண்டை வீரர் தியாகோரசு காணப்படுகிறார். ஒரே நாளில் ஒலிம்பியாவில் வென்ற அவருடைய மகன்கள் இருவர் தந்தையைத் தோளில் சுமந்த நிகழ்வு அதில் உள்ளது. 2002 பிப்ரவரி இறுதியில் திராக்மா செல்லாததாகிவிட்டதால் இவை இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாகப் புழங்கவில்லை.

யூரோ காலம்

யூரோ நாடுகள் 2004 முதல் 2 யூரோ நினைவு நாணயம் வெளியிட அனுமதிக்கப்பட்டன. அவ்வகையில் முதல் நாணயத்தைக் கிரேக்கமே வெளியிட்டது. அதன் நடுவில் மைரோனின் வட்டெறிவாளர் சிலையும், ஒருபுறம் ஏதென்சு 2004 சின்னமும் உள்ளன. சுமார் 3.5 கோடி நாணயங்கள் அச்சிடப்பட்டன. இதனுடன் சேகரிப்பாளர்களுக்கென 12 வகை 10 யூரோ வெள்ளி நாணயங்களும் வெளிவந்தன. ஒரே விளையாட்டின் பண்டைய வீரரும் இன்றைய வீரரும் அவற்றில் சேர்ந்தே காட்டப்பட்டனர்.

மைரோன் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வடித்த மூல வெண்கலச் சிலை இன்று இல்லை. உரோமானியர் செய்த பளிங்குப் படிகளே எஞ்சியுள்ளன. ஆகவே நாணயத்தில் இருப்பது ஒரு படியின் வழியே அறியப்பட்ட உருவமாகும்.

ஒளிப்படமாக்கல்

பெரும்பாலான வாசகர்கள் இந்நாணயங்களை ஒளிப்படங்களின் மூலமே அறிகின்றனர். எனவே படத்தின் தரம் வரலாற்றுப் புரிதலையும் பாதிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கிரேக்க நாணயப் பட்டியல்களுக்கு, நாணயத்துக்குப் பதிலாக அதன் சாந்து வார்ப்புகளே படமெடுக்கப்பட்டன. பளபளப்பற்ற வெண்பரப்பில் புடைப்பு தெளிவாகத் தெரிந்ததே காரணம். ஆனால் உலோகத்தின் நிறமும் தேய்மானமும் அதில் மறைந்தன.

இன்று நாணயத்தையே நேரடியாகப் படமெடுக்கின்றனர். நேர்முகமாக விழும் ஒளி வீரரின் தசைகளைத் தட்டையாக்கும். சாய்வாக விழும் ஒளி அவற்றை எழுப்பிக் காட்டும். ஒளி கீழிருந்து வந்தால் புடைப்பு பள்ளமாகத் தோன்றக்கூடும் என்பதால், பொதுவாக மேற்புறத்திலிருந்தே ஒளியூட்டுவர். 2 யூரோ நாணயத்தின் வெள்ளி நிற வளையமும் பொன்னிற நடுப்பகுதியும் ஒளியை வேறுவேறு விதமாக எதிரொளிப்பதால் மென்மையான, பரவிய ஒளி தேவைப்படுகிறது. 25.75 மி.மீ. விட்டமுள்ள இந்நாணயம் திரையில் பன்மடங்கு பெரிதாகத் தெரிவதால், படத்துடன் விட்டத்தையும் குறிப்பிடுவது நாணயவியல் வழக்கமாகும்.