மரத்தடி நிழலில் எந்தச் செடியும் நிக்கலையா? தாம்பரம் பக்கம் தாக்குப்பிடிக்கும் 5 செடிகள்.. எப்படித் தேர்ந்தெடுப்பது?

சேலையூர், குரோம்பேட்டை, மாடம்பாக்கம் பக்கம் பழைய வீடுகளில் ஒரு மாமரமோ வேப்பமரமோ இருக்கும். அதன் அடியில் புல் போட்டால் காயுது. நர்சரியில் ஆசையா வாங்கின செடி கத்திரி வெயிலில் கருகுது. தப்பினது கார்த்திகை மழையில் அழுகுது. அப்போ மரத்தடியை சிமெண்ட் போட்டு மூடுறதுதான் வழியா? அவசியமே இல்லை. ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் துளிர்க்கும் நிழல் செடிகள் நம்ம ஊரிலேயே இருக்கு.

வெளிநாட்டு நிழல் செடிகள் ஏன் சரிப்படாது?

நிழல் தோட்டம் என்றதும் பலரும் தேடுவது ஹோஸ்டா. இது குளிர்காலத்தில் உறங்கி எழும் செடி. அந்தக் குளிர் சென்னையில் கிடையாது. இன்னொன்று, படமெடுத்த நாகம் போல பூக்கும் அரிசீமா. இதுக்கும் தாம்பரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், தென்னிந்திய மலைகளில் வளரும் அரிசீமா வகைகளை ஆராய்ந்தவர். ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மலைக் குளிருக்கான செடி, தாம்பரம் வெயிலில் நிக்காது.

நம்ம ஊர் செடிக்கு என்ன தகுதி வேணும்?

ரெண்டு பரீட்சையில் பாஸ் ஆகணும். ஒன்று, மே மாத வறட்சி. அடுத்தது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது நினைவிருக்கும். நன்மங்கலம், வண்டலூர் புதர்க்காட்டுச் செடிகளுக்கு இது பழகிப்போன விஷயம். சில செடிகள் தடித்த இலையில் தண்ணீரைச் சேமிக்கும். சில செடிகள் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். இந்தக் குணம் உள்ள செடியா என்று பார்த்து வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

எந்த 5 செடிகள்?

1. நீலாம்பரி: பச்சையும் நீலமும் கலந்த அபூர்வ நிறப் பூ. மர நிழலிலேயே நல்லா வரும். குச்சி ஒடித்து நட்டாலே போதும்.

2. மருள்: வரிகளோடு கத்தி போல நிமிர்ந்த இலை. அந்தக் காலத்தில் இதன் நாரில் வில் நாண் முறுக்கினார்கள். தண்ணீர் தேங்கினால் அழுகும், அதனால் மேடான இடம் கொடுங்க.

3. கச்சோலம்: தரையோடு ஒட்டிப் படரும் வாசனை இலை, வெள்ளைப் பூ. கேரளாவில் தென்னை நிழலில் பயிரிடுகிறார்கள்.

4. சேனை: ஆமாம், குழம்புக்கு வாங்கும் அதே கிழங்குதான்! இது அரிசீமாவின் உறவுக்காரச் செடி. இலை வரும் முன்பே மண்ணைப் பிளந்து பெரிய கருஞ்சிவப்புப் பூ வரும். நாற்றம் அடிக்கும், அதனால் ஜன்னல் ஓரம் வேண்டாம்.

5. செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். அடர் நிழலில் பூக்காது. பாதி வெயில் படும் ஓரத்தில் வையுங்க, பற்றி ஏற ஒரு கொம்பு வேணும்.

உஷார்.. செங்காந்தள் விஷம்!

செங்காந்தளின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்ற விஷம் உண்டு. கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம். உண்ணும் கிழங்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அதனால் சேனை, கச்சோலம் பக்கத்தில் இதை நடவே கூடாது. சின்னக் குழந்தைகளோ நாய், பூனையோ இருக்கும் வீட்டில் இதை நடவே வேண்டாம்.

எப்போ, எப்படி நடுவது?

ஆடி மாதம் நல்ல நேரம். பெருமழைக்கு முன் வேர் பிடிச்சிடும். அரை அடி உயரப் பாத்தி போட்டால் தண்ணீர் தேங்காது. ஆனால் மரத்தின் தூரை ஒட்டி மண் குவிக்காதீங்க, மரத்துக்கு ஆகாது. உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்காமல் செடி மேலேயே மூடாக்காக விடுங்க, கோடையில் அதுதான் காப்பாத்தும்.

பலரும் செய்யும் தவறு என்ன?

மழைக்காலம் முடிந்ததும் கச்சோலம், சேனை, செங்காந்தள் மூன்றும் இலை பழுத்து மறைஞ்சிடும். 'செத்துப்போச்சு' என்று தோண்டி எறிஞ்சிடாதீங்க, அது தூக்கம்! தண்ணீரை நிறுத்திட்டு, கிழங்கு இருக்கும் இடத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டு வையுங்க. அடுத்த மழைக்குத் தானாக எழும்.

இன்னொரு விஷயம், காப்புக்காட்டில் இருந்து செடியைத் தோண்டி எடுத்து வருவது சட்டப்படி குற்றம். நர்சரியில் வாங்குங்க. இல்லைன்னா பக்கத்து வீட்டில் ஒரு குச்சியோ கிழங்கோ கேளுங்க, தாராளமாகவே தருவாங்க.