பொன் தேடிய கருவியும் நஞ்சு கண்ட மண்ணும்

2010ஆம் ஆண்டின் முற்பகுதியில் நைஜீரியாவின் வடமேற்கிலுள்ள சம்பாரா மாநிலத்துக் கிராமங்களில் சிறு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தனர். முதலில் வலிப்பு வரும். பின்னர் உணர்வு தப்பும். அதன்பின் உயிர் பிரியும். மலேரியா மலிந்த அப்பிரதேசத்தில் இதுவும் மலேரியாவே என எண்ணப்பட்டது. அதற்கான மருந்துகள் பலனளிக்காதபோது 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் குழந்தைகளின் குருதி மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவைத்தனர். அங்கிருந்து வந்த விடை ஒரு சொல்லில் அடங்கியது: ஈயம்.

ஆலையோ தொழிற்பேட்டையோ இல்லாத அக்கிராமங்களுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? பொன்னாசையிலிருந்து என்பதே அதற்கான பதில். உலகச் சந்தையில் தங்கத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. விவசாயத்தை நம்பி வாழ்ந்த ஏழைகள், அண்மையிலிருந்த நிலத்தைத் தோண்டிப் பொன் கலந்த பாறைகளை வீட்டுக்குக் கொண்டு வந்தனர். முற்றத்தில் வைத்து உடைத்தனர். தானியம் அரைக்கும் இயந்திரங்களிலேயே அதையும் அரைத்தனர். அந்தப் பாறையில் பொன் சிறிதளவே இருந்தது. ஈயமோ மிக அதிகமாக இருந்தது. அரைத்த தூசு முற்றமெங்கும் படிந்தது. அந்த முற்றத்தில்தான் குழந்தைகள் தவழ்ந்தார்கள்; மண் ஒட்டிய கையை வாயில் வைத்தார்கள்.

அவ்வாண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்தினர், நைஜீரிய அதிகாரிகளுடன் இணைந்து தரேட்டா, யார்கல்மா என்னும் இரு கிராமங்களை வீடு வீடாக ஆராய்ந்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் முந்திய 12 மாதங்களில் இறந்திருந்தனர். நான்கில் ஒரு பங்கு! பரிசோதித்த வளவுகளில் நூற்றுக்கு 85இல், ஈயத்தின் அளவு அமெரிக்கா அப்போது குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு விதித்திருந்த எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த எல்லை, மில்லியன் பங்கு மண்ணுக்கு 400 பங்கு ஈயம். சம்பாராவின் சில இடங்களில் அது ஓர் இலட்சம் பங்கையும் மீறியது. அதாவது, மண்ணின் எடையில் பத்திலொன்று ஈயம்.

குருதிக்கு விடை காண ஆய்வுகூடம் தேவைப்பட்டது. மண்ணுக்கோ விடை அந்த இடத்திலேயே கிடைத்தது. துளைபோடும் மின்கருவியைப் போலக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு சாதனத்தை நிலத்தில் வைத்து விசையை அழுத்தினால், ஓரிரு நிமிடங்களுக்குள் ஈயத்தின் அளவு திரையில் தோன்றும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி என்பது அதன் பெயர். அதன் வரலாறு சுவையானது, சற்றுக் கசப்பானதும்கூட.

மண்ணிலுள்ள உலோகத்தைக் களத்திலேயே விரைவாகவும் மலிவாகவும் கண்டறியும் முயற்சிகள் மக்களின் நலம் கருதி வளர்ந்தவை அல்ல. கனியவளம் தேடியவர்களுக்காகவே அவை பெரிதும் வளர்ந்தன. டிதிசோன் என்ற சேர்வையை ஜேர்மன் இரசாயனவியலாளர் எமில் பிஷர் 1878இல் உருவாக்கினார். அது உலோகங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதை 1925இல் நிறுவியவர் ஹெல்முட் பிஷர் என்னும் வேறொருவர். பச்சை நிறமான அதன் கரைசல் ஈயத்தைச் சந்தித்தால் சிவக்கும். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தினர் இந்த நிறமாற்றத்தைப் பயன்படுத்தி, செம்பும் நாகமும் ஈயமும் புதைந்துள்ள இடங்களைத் தேடினர். சோதனைக் குழாய்கள் காட்டுக்கும் மலைக்கும் சென்றன. தாதுப் படிவம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அறிய அண்ணளவான விடையே போதுமாயிருந்தது.

எக்ஸ் கதிர் முறையின் மூலத்தைத் தேடினால் 1913ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். ஹென்றி மோஸ்லி என்ற இளம் பிரித்தானியப் பௌதிகவியலாளர், ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய எக்ஸ் கதிரை வெளியிடுகிறது என்பதையும், அதன் அதிர்வெண் மூலகத்தின் அணுவெண்ணோடு ஒழுங்காகத் தொடர்புபட்டது என்பதையும் காட்டினார். மனிதருக்குக் கைரேகை போல அணுவுக்கும் ஓர் அடையாளம் உண்டு என்பதே இதன் பொருள். இரண்டு ஆண்டுகளின் பின், 1915 ஓகஸ்ட் 10ஆம் திகதி, கலிபொலிப் போர்முனையில் அவர் கொல்லப்பட்டார். அப்போது வயது 27.

மோஸ்லி கண்ட விதி ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் தங்கியிருந்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் இம்முறையைக் கொண்டே அக்கிரகத்தின் மண்ணை ஆராய்ந்தன. பூமியில், வறியவர் வீட்டு முற்றத்து மண்ணை இதே முறையில் ஆராய்வது வழமையாவதற்கு முன்பே செவ்வாயின் மண் ஆராயப்பட்டுவிட்டது என்பது சிந்திக்க வேண்டியது.

நிலைமையை மாற்றியது, நியூயோர்க் மாநிலத்தின் லவ் கனால் குடியிருப்பில் 1978இல் வெளிப்பட்ட இரசாயனக் கழிவு அனர்த்தம். புதைத்த நஞ்சின் மீது வீடுகளும் பாடசாலையும் கட்டப்பட்டிருந்தன. 1980இல் அமெரிக்கா, மாசடைந்த நிலங்களைத் துப்புரவாக்குவதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் எத்தனை ஆயிரம் மாதிரிகளை ஆய்வுகூடங்களுக்கு அனுப்புவது? ஒவ்வொன்றுக்கும் பணம், ஒவ்வொன்றுக்கும் பல நாட்கள். ஆகவே களத்திலேயே சலித்தெடுக்கும் முறைகளுக்குத் தேவை பிறந்தது. வெடிமருந்து கலந்த மண்ணை அசிற்றோனில் கலக்கிக் காரம் சேர்த்தால் செந்நிறம் காட்டும் சோதனையும், மின்மாற்றி எண்ணெயிலிருந்த நச்சுச் சேர்வைகளை நோயெதிர்ப்புப் புரதங்களால் அடையாளம் காணும் சிறு பெட்டிகளும் இவ்வாறே புழக்கத்துக்கு வந்தன. எக்ஸ் கதிர்க் கருவியும் கைக்கு அடக்கமாகியது.

இம்முறைகளுக்குக் குறைகள் இல்லாமலில்லை. ஈரமான மண்ணில் அளவு பிழைக்கும். ஈயமும் ஆசனிக்கும் ஏறத்தாழ ஒரே சக்தியுடைய கதிரொன்றை வெளியிடுவதால், ஈயம் மிகுந்த இடத்தில் ஆசனிக் மறைந்துகொள்ளும். எண்ணெயையும் பூச்சிகொல்லியையும் இக்கருவி காணாது. எனவே ஒரு பகுதி மாதிரிகளையேனும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்பதே விதி. ஆயினும் ஒரு வளவில் ஒரே ஓர் இடத்தை மிகத் துல்லியமாக அளப்பதைவிட, நூறு இடங்களை அண்ணளவாக அளப்பது பல வேளைகளில் உண்மைக்கு நெருக்கமானது. நஞ்சு நிலத்தில் ஒரே சீராகப் பரவுவதில்லை. பாறை அரைத்த மூலையில் ஓர் அளவு. பத்தடி தள்ளி வேறோர் அளவு.

சம்பாராவில் இது கண்கூடாயிற்று. 2010 ஜூனில், மழைக்காலம் முற்றுவதற்குள் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தோடு, தரேட்டாவிலும் யார்கல்மாவிலும் துப்புரவுப் பணி தொடங்கியது. மேல் மண்ணை ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி அகற்றினர். கருவியை வைத்துப் பார்த்தனர். எண் இறங்காவிட்டால் மீண்டும் சுரண்டினர். இறங்கியபின் நல்ல மண்ணை இட்டு நிரப்பினர். மண்வெட்டி பிடித்தவர்கள் அக்கிராமத்தவர்களே. ஒவ்வொரு முறையும் ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திருந்தால் மழை முந்தியிருக்கும்.

ஆனால் அளவிடுதல் வேறு, ஆவன செய்தல் வேறு. பகேகா என்ற பெரிய கிராமமும் நஞ்சூறியது என்பது 2010இலேயே தெரிந்த செய்தி. அதைத் துப்புரவாக்கும் பணி 2013 வரை நடைபெறவில்லை. பணம் வரவில்லை என்பதே காரணம். முற்றம் சுத்தமாகாமல் குழந்தைக்கு மருந்து கொடுத்தும் பயனில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தை மறுபடியும் அதே மண்ணைத்தான் தின்னும். எண் கையிலிருந்தும் மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அந்தக் குழந்தைகளே. சம்பாராவில் இந்த நஞ்சுக்குப் பலியானோர் தொகை குறைந்தது 400 எனக் கணிக்கப்பட்டுள்ளது.

கைக்கருவியின் விலை இன்றும் பல ஆயிரம் டொலர். ஒவ்வோர் அளவீட்டுக்கும் செலவு அற்பம் என்றாலும் கருவியை வாங்கும் வசதி கிராமத்துக்கு இல்லை. இதனாற்றான் பழைய நிறமாற்றச் சோதனைகளின் பக்கம் ஆய்வாளர்கள் மீண்டும் திரும்பினர். கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட முறையொன்றில், இரைப்பை அமிலத்தை ஒத்த கரைசலில் மண் கலக்கப்படுகிறது. சேர்க்கப்படும் சாயம் நிறம் மாறினால் ஈயம் ஆபத்தான அளவில் உண்டு எனக் கொள்ளலாம். பெரு நாட்டுச் சுரங்கப் பகுதி மக்களைப் போன்றோர் தாமே செய்யத்தக்க சோதனை அது.

இது ஏழை நாடுகளின் கவலை மட்டுமல்ல. பழைய ஈயப் பூச்சும், ஈயம் கலந்த பெற்றோல் புகையும் படிந்த மண் லண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் கீரை நடும் பின்வளவுகளிலும் இருக்கக்கூடும். அமெரிக்கா தனது எல்லையை 2024இல் 400இலிருந்து 200ஆகக் குறைத்தது. மண் மாறவில்லை, நேற்றுப் பாதுகாப்பானதென்று சொல்லப்பட்ட முற்றம் இன்று அவ்வாறு சொல்லத்தக்கதாக இல்லை.

நிலத்தின் கீழ் என்ன இருக்கிறதென்று அறியும் வல்லமையை மனிதன் முதலில் தாது தேடவே பயன்படுத்தினான். அதே அறிவு, அந்த நிலத்தின் மேல் தவழும் குழந்தைக்காகப் பயன்படுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. கருவி இனிமேலும் சிறுக்கும்; விலையும் இறங்கும். அது காட்டும் எண்ணைக் கண்டபின் மண்வெட்டியை எடுக்கத் தாமதிப்பதற்குத்தான் எந்த ஆய்வுகூடத்திலும் மருந்தில்லை.