அயலார் வீட்டு மேஜை: பிரெஞ்சு இல்ல விருந்தின் வரலாறு

அயல்நாட்டில் யாத்திரை செய்வோர் அந்நாட்டின் அரண்மனைகளைக் காண்கின்றனர். தேவாலயங்களையும் ஓவியக் கூடங்களையும் காண்கின்றனர். இவற்றின் வாயில்கள் யாவருக்கும் திறந்தவை. அத்துணை எளிதில் திறவாத வாயில் ஒன்று உண்டு. அதுவே அந்நாட்டுக் குடும்பம் ஒன்று கூடி உண்ணும் அறையின் வாயில். பிரான்ஸ் தேசத்தில் இவ்வாயிலின் கதை தனிச் சுவையுடையது. உண்டிச்சாலை என்னும் ஏற்பாட்டை உலகுக்கு வழங்கிய நாடு அது. அங்கே பணம் கொடுத்து உண்ண இடங்கள் பெருகப் பெருக, வீட்டில் அமர்ந்து உண்ண வருமாறு ஒருவரை அழைப்பது மேலும் மேலும் மதிப்புள்ளதாயிற்று. அவ்வரலாற்றையே இன்று நேயர்களுடன் சிறிது ஆராயலாம்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். பிரெஞ்சு மொழியில் 'ஓத்' என்று ஒரு சொல் இருக்கிறது. விருந்தளிப்பவர்க்கும் அதே பெயர். விருந்துண்ண வந்தவர்க்கும் அதே பெயர். மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்போர்க்கு இஃது ஒரு சங்கடம். யார் சமைத்தார், யார் உண்டார் என்பதை இடம் நோக்கியே தெளிய வேண்டும். இதன் மூலமாகிய லத்தீன் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. அதற்கு உறவான மற்றொரு லத்தீன் சொல் முதலில் அந்நியனைக் குறித்தது. பின்னர்ப் பகைவனைக் குறிக்கலாயிற்று. வாயிலில் நிற்கும் புதியவன் உறவினன் ஆவதும் பகைவன் ஆவதும் நாம் அவனை வரவேற்கும் முறையைப் பொறுத்தது என்பதை அம்மொழி மறைவாக உணர்த்துகிறது போலும். நம் 'விருந்து' என்னும் சொல்லும் இத்தகையதே. முதலில் அது புதுமையைக் குறித்தது. பின்னர்ப் புதிதாக வந்தவரைக் குறித்தது. அதன் பிறகே அவர்க்கு இடும் உணவைக் குறித்தது. உணவு கடைசியில் வந்த பொருள். ஆளே முதலில் வந்தவர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் வழிச்செல்வோர் எங்ஙனம் உண்டனர்? சத்திரங்களில் 'தாப்ள் தோத்' எனப்படும் பொது மேஜை இருந்தது. 'ஓத்துடைய மேஜை' என்பது அதன் பொருள். குறித்த நேரத்தில், குறித்த விலைக்கு, சத்திரக்காரர் சமைத்ததை அனைவரும் ஒரே மேஜையில் அமர்ந்து உண்ண வேண்டும். இன்னது வேண்டும் என்று கேட்க இடமில்லை. பிந்தி வந்தவர்க்கு எஞ்சியதே கிட்டும். 1787 முதல் மூன்று ஆண்டுகளில் பிரான்சில் மும்முறை பயணம் செய்த ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேய வேளாண்மை அறிஞர், 1792இல் தம் பயண நூலை வெளியிட்டார். நண்பகலில் பெரு விருந்து உண்டால் அன்றைய பொழுதே வீணாகிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார். பொது மேஜையில் அமர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாது உண்டதும் அவருக்கு வியப்பளித்தது. வாய்ப்பேச்சுக்குப் பெயர் போன மக்கள் அந்நியர் நடுவே மௌனமாயிருந்தனர். ஒரே மேஜையில் அமர்ந்துவிட்டால் மட்டும் உறவு உண்டாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இப்பொது மேஜைக்கு மாறாகப் பாரிஸ் நகரில் 1760களில் வேறொரு ஏற்பாடு தோன்றியது. 'ரெஸ்தொரான்' என்பது முதலில் ஓர் இடத்தின் பெயரன்று. இழந்த வலிமையை மீட்டுத் தரும் இறைச்சிச் சாற்றின் பெயர். அச்சாற்றை விற்ற கடைகளில் தனித்தனி மேஜைகள் இருந்தன. விரும்பிய நேரத்தில் வரலாம். பட்டியலைப் பார்த்து விரும்பியதைக் கேட்கலாம். உண்டதற்கு மட்டும் பணம் கொடுக்கலாம். நாளடைவில் சாற்றின் பெயரே கடையின் பெயராயிற்று. இதனால் பயணிக்கு விடுதலை கிட்டியது. ஆனால் தனிமையும் உடன் கிட்டியது. அயலானோடு ஒரே பாத்திரத்தைப் பகிர வேண்டிய கட்டாயம் அன்றோடு நீங்கியது.

நகரத்தின் நிலை இவ்வாறிருக்க, நாட்டுப்புறத்து ஏழைகளின் அடுப்பில் வெந்தது என்ன? பெரும்பாலும் ஸூப்பே. 'சூப்' என்னும் அப்பிரெஞ்சுச் சொல் பழங்காலத்தில் சாற்றைக் குறிக்கவில்லை. சாறு ஊற்றி ஊறவைக்கும் ரொட்டித் துண்டையே குறித்தது. இரவு உணவுக்கு 'சூப்பே' என்னும் பெயரும் இதனின்றே பிறந்தது. 1789 ஜூலை 12ஆம் நாள், அதாவது பாஸ்தீல் சிறைக்கோட்டை வீழ்வதற்கு இரு நாட்கள் முன்பு, ஆர்தர் யங் மலைச்சாலையில் ஓர் ஏழைப் பெண்ணோடு உரையாடிக்கொண்டு நடந்தார். பார்வைக்கு அறுபது, எழுபது வயதினளாகத் தோன்றிய அவள் தன் வயது 28 என்றாளாம். அவள் குடும்பத்துக்கு ஒரு சிறு நிலமும், ஒரு பசுவும், ஒரு குதிரையும் இருந்தன. குழந்தைகள் எழுவர். அப்பசுவின் பால்தான் அவர்கள் ஸூப்புக்கு உதவியாயிருந்தது. இத்தகைய இல்லத்தில் ஒரு விருந்தினன் நுழைந்தால், அவன் உண்பது குழந்தைகளின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். பிரெஞ்சு விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவோர் இப்பெண்ணை மறத்தல் ஆகாது.

ரொட்டிப் பஞ்சம் புரட்சிக்கு எண்ணெய் வார்த்தது. 1789 அக்டோபர் 5ஆம் நாள் பாரிஸ் நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்தே சென்றனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1794ஆம் ஆண்டுக் கோடையில், விசித்திரமானதொரு காட்சி அந்நகரில் நிகழ்ந்தது. போர்க்கள வெற்றிகளைக் கொண்டாட, மக்கள் தத்தம் வீட்டு மேஜைகளைத் தெருவுக்குக் கொணர்ந்து, வீட்டில் இருந்த உணவையெல்லாம் வைத்து, அண்டை அயலாரோடு சேர்ந்துண்டனர். 'சகோதர விருந்து' என்று அதற்குப் பெயர். நினைக்க இனிய காட்சியே. ஆனால் அது நீடிக்கவில்லை. இவ்விருந்துகளின் போர்வையில் புரட்சியின் பகைவர்கள் மக்கள் மனத்தைக் கலைக்கிறார்கள் என்று பாரேர் என்னும் தலைவர் ஜூலை மாதத்தில் சட்டசபையில் கண்டித்துப் பேசினார்; விருந்துகள் ஓய்ந்தன. பயம் ஆட்சி செய்த காலம் அது. பக்கத்தில் அமர்ந்து உண்பவனே நாளை தன்மீது குற்றம் சாட்டுவானோ என்று ஐயுறும் ஊரில், மேஜைகளைச் சேர்த்துப் போட்டுவிடலாம். மனங்களைச் சேர்த்துப் போட இயலுமோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஜை மீண்டும் வீட்டுக்குள் சென்றது. நடுத்தர வகுப்பினர் வீடுகளில் உண்பதற்கென்றே தனி அறை அமைந்தது. நண்பகல் உணவாயிருந்த 'தினே' படிப்படியாக மாலைக்கும் இரவுக்கும் நகர்ந்தது. முன்னாளில் பல பதார்த்தங்களை ஒருங்கே மேஜைமீது பரப்பி வைப்பதே பிரெஞ்சு முறை. அதை விடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொணர்ந்து பரிமாறும் ருஷ்ய முறையை அந்நூற்றாண்டில் அவர்கள் ஏற்றனர். இன்று 'பிரெஞ்சு முறை' என்று நாம் கருதும் வரிசையே ஒரு வகையில் அயலாரிடம் கற்றதாகும். இல்லத்துச் சமையலுக்கும் நூல்கள் பெருகின. மெனோன் என்பவர் 1746இல் வெளியிட்ட நூல், அரண்மனைச் சமையற்காரரை விட்டு, நடுத்தர இல்லங்களில் சமைக்கும் பெண்களை நோக்கி எழுதப்பட்டமையால் பெரும் புகழ் பெற்றது. 1825இன் இறுதியில் வெளிவந்த பிரியா-சவரேன் என்பாரின் சுவை பற்றிய நூலோ, உணவைப் போலவே விருந்தளிப்பவனின் கடமையையும் சிந்தனைக்குரிய பொருளாக்கிற்று.

இம்மேஜைக்கு மிகப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. 1940இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றிய பின் ரொட்டி, இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை யாவும் பங்கீட்டுச் சீட்டுக்கே கிடைத்தன. உருளைக்கிழங்கு அரிதாகவே, கால்நடைத் தீவனமாக இருந்த கிழங்கு வகைகளை நகரத்தார் உண்டனர். அவற்றைப் பின்னாளில் கண்ணெடுத்தும் பாராதவர் பலர். நாட்டுப்புறத்து உறவினர் அனுப்பிய உணவுப் பொட்டலங்களை 1941இல் அரசாங்கமே அனுமதித்தது. அப்பொட்டலங்களால் பல நகரக் குடும்பங்கள் பிழைத்தன. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் தம் பங்கு ரொட்டியைத் தாமே கொண்டு செல்வதும் உண்டு. அதைக் குறைவாக எவரும் எண்ணவில்லை. போர் 1945இல் முடிந்தும் பங்கீடு 1949 வரை முற்றும் நீங்கவில்லை. இன்றும் முதியோர் உள்ள வீடுகளில் ரொட்டித் துண்டு ஒன்றை எறிய மனம் வாராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

போருக்குப் பின் கிராமங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு, வெளியூரார் வந்து தங்க விட்டால் குடியானவர்க்கு வருவாயும் கிட்டும், கிராமமும் அழியாது என்று எண்ணினார் எமீல் ஓபேர் என்னும் செனட் உறுப்பினர். 1951இல் தென்கிழக்குப் பிரான்சின் மலைப் பகுதியில் அத்தகைய முதல் இல்லம் திறக்கப்பட்டது. 1955இல் 'ழீத் த பிரான்ஸ்' என்னும் தேசியச் சங்கம் அமைந்தது. பின்னர், தங்க வந்தவர்க்கு உணவும் அளிக்கும் வழக்கம் பரவியபோது, சத்திரத்தில் மங்கிப்போன 'தாப்ள் தோத்' என்னும் பழம் பெயர் கிராமத்து வீடுகளில் மறுபிறவி எடுத்தது. அதற்குரிய விதிகள் கருத்தைக் கவர்வன. ஒரு வீட்டில் ஐந்து அறைகளுக்கும், பதினைந்து பேருக்கும் மேல் விருந்தினர் கூடாது. அங்கே தங்குவோர்க்கு மட்டுமே உணவு. ஒரே வகைச் சமையல்; அவ்வட்டாரத்து விளைபொருள்கள்; பரிமாறப்படுவதோ குடும்பத்தின் மேஜையில். பணம் கைம்மாறுவது உண்மையே. எனினும், பட்டியலை நீட்டாமல், தாம் உண்பதையே விருந்தினர்க்கும் இடவேண்டும் என்று ஒரு தேசம் விதி செய்திருப்பது சிறு செய்தியன்று.

அத்தகைய வீட்டில் ஓர் இரவு விருந்து எங்ஙனம் நடைபெறும்? குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்திச் செல்வதே மரியாதை. வீட்டம்மாளுக்குச் சிறிது மூச்சுவிட நேரம் வேண்டுமல்லவா? மலர் கொண்டு செல்லலாம். ஆனால் செவ்வந்தி கூடாது. நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் வைக்கும் மலர் அது. முதலில் சிறு பானம். மது அருந்தாதவர்க்குப் பழச்சாறு. பின்னர் "ஆ தாப்ள்!" என்னும் அழைப்பு எழும், 'மேஜைக்கு வாருங்கள்' என்று பொருள். குளிர்காலமாயின் 'போத்-ஓ-ஃபே' இருக்கக் கூடும். மாட்டிறைச்சி, காரட், டர்னிப், லீக் பூண்டு முதலியவற்றைப் பல மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து, சாற்றை முதலிலும் மற்றதைப் பின்னரும் பரிமாறுவர். ரொட்டிக்குத் தட்டு இல்லை. மேஜைத் துணியின் மேலேயே வைப்பர். அதைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிய்க்க வேண்டும். பச்சிலைக் கலவையும், அதன்பின் பாலாடைக்கட்டியும், முடிவில் இனிப்பும் வரும். இரண்டு, மூன்று மணி நேரம் சென்றது தெரியாது. பேச்சும் ஒரு பதார்த்தமாகவே கருதப்படுகிறது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சு மக்களின் விருந்துணவை மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றபோது, தனிப்பட்ட எந்த உணவையும் அது போற்றவில்லை; சேர்ந்து அமர்ந்து, வரிசைப்படி உண்டு, அளவளாவும் வழக்கத்தையே போற்றியது.

நம்மவருள் புலால் உண்ணாதார் பலர். அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடல் வேண்டும். உருளைக்கிழங்கைப் பாலேட்டில் சுட்டெடுக்கும் 'கிராத்தேன்', கத்தரியும் தக்காளியும் சேர்ந்த 'ரத்தாத்தூய்', லெ புய் வட்டாரத்துப் பச்சைப் பருப்பு ஆகியவை அவர்களிடம் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்களுடைய மரபுவழிப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. மேஜைமீது உணவு வந்த பின் மறுப்பது வீட்டாரை வருத்தும். ஒரு வாரம் முன்பு சொன்னாலோ, அதுவே அவர்களுக்கு ஒரு சுவையான சவாலாகிவிடும்.

தமிழர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றையதன்று. புதுச்சேரியில் அவர்கள் 1674இல் காலூன்றினர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தனர். இடையில் ஏறக்குறைய 280 ஆண்டுகள். எனினும் ஆள்வோர் வெள்ளை நகரிலும், தமிழர் கறுப்பு நகரிலுமாக, நடுவே ஒரு கால்வாய் ஓடிற்று. வணிகத்திலும் வழக்கு மன்றத்திலும் நாள்தோறும் சந்தித்த இரு மக்களும் ஒரே மேஜையில் அமர்ந்தது அரிதே. அவர்கள் பக்கத்தில் நிறமும் அதிகாரமும், நம் பக்கத்தில் சாதியும் ஆசாரமும் அக்கால்வாயை ஆழமாக்கின.

இதை டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் எண்ணிப் பார்த்தல் நலம். பஞ்சாபியரோடும் வங்காளியரோடும் அலுவலகத்தில் நாள் முழுதும் பழகுகிறோம். உண்டிச்சாலையில் அடுத்தடுத்து அமர்கிறோம். ஆர்தர் யங் கண்ட பொது மேஜையின் மௌனத்தைவிட இது அதிகம் வேறுபட்டதன்று. அவர்கள் வீட்டு அடுப்பங்கரை மணத்தை நாம் அறிந்ததுண்டா? நம் வீட்டுச் சாம்பாரை அவர்கள் பிள்ளைகள் நம் தரையிலமர்ந்து உண்டதுண்டா? பிரெஞ்சு மொழியில் தோழனைக் குறிக்கும் 'கொம்பாஞோன்' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், 'உடன் ரொட்டி உண்பவன்' என்று பொருள்படும். அயலாரைத் தோழராக்கும் வழியை அச்சொல்லே காட்டுகிறது. அவ்வழியில் முதல் அடியை வீட்டுக்காரரும் வைக்கலாம், விருந்தினரும் வைக்கலாம். இருவர்க்கும் பெயர் ஒன்றுதானே!