ரந்தாவ் அபாங் கரைக்கு வந்த தாய்மார்

திரெங்கானு மாநிலத்தில் டுங்குனுக்கு வடக்கே, தென்சீனக் கடலைப் பார்த்தபடி கிடக்கும் ரந்தாவ் அபாங் கடற்கரையில், மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை இரவு நேரங்களில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு, விடியுமுன் கடலுக்குத் திரும்பிய ஏழுவரி ஆமைத் தாய்மார் இப்போது வருவதில்லை. இன்ன நாளில் காலமானார்கள் என்று சொல்ல வழியில்லை. ஒரு பருவத்தில் வந்தவர்கள் அடுத்த பருவத்தில் குறைந்தார்கள். பிறகு விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள். பிறகு கரை வெறுமையானது. நெடுநாள் இடைவெளியில் எங்கோ ஒருவர் தென்பட்டதாகச் செய்தி வந்தாலும், அந்தக் கரைக்குரிய குடும்பம் முடிந்துவிட்டது என்பதை ஆய்வாளர்கள் கனத்த மனத்தோடு ஒப்புக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன.

கேமரன் மலையில், நாலாயிரம் அடிக்கு மேலே கொழுந்து கிள்ளி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடல் தூரத்துச் சொந்தம். ஆனாலும் சொந்தம்தான். எங்கள் பெர்த்தாம் ஆறு ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே பேராக் பக்கம் இறங்கி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. தெலோம் ஆற்றில் மிஞ்சி ஓடும் நீரோ ஜெலாய் ஆற்றைச் சேர்ந்து, பகாங் ஆறாகப் பெருகி, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலக்கிறது. மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு எப்போதும் அந்தத் தாய்மாரின் கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பத்துக் கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட குலம் அவர்களுடையது. மற்ற ஆமைகளுக்குள்ள ஓட்டுக் கவசம் அவர்களுக்கு இல்லை. கருத்த தோல் போர்த்திய முதுகில், தோணியின் வாரிகளைப்போல ஏழு வரிகள் தலையிலிருந்து வால்வரை ஓடும். ஓர் ஆள் உயரத்துக்கு நீளமும் முந்நூறு, நானூறு கிலோ எடையும் கொண்ட அந்த உடம்பு, குளிர்ந்த கடலிலும் தன் சூட்டைக் காத்துக்கொண்டு ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கவல்லது. உணவு பெரும்பாலும் சொறி மீன். அதைத் தின்று தின்றே பெருங்கடல்களைக் கடந்தார்கள். வடபசிபிக்வரை மேய்ந்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, தாங்கள் பிறந்த கரையைத் தேடி வந்தார்கள். ரந்தாவ் அபாங்கில் கடல் கரையை ஒட்டியே ஆழமாகிவிடும், மணலும் செங்குத்தாக ஏறும். அவ்வளவு கனத்த உடம்பு அதிக தூரம் ஊர்ந்து வருந்தாமல் மேட்டை அடைய அந்த அமைப்பு உதவியது. உலகத்தில் அவர்கள் பெருங்கூட்டமாகக் கரையேறிய ஒருசில இடங்களில் இதுவும் ஒன்றாயிருந்தது.

அந்தக் கரையில் 1956-ஆம் ஆண்டில் பதிவான முட்டைக் குழிகள் 10,155. ஒரே தாய் ஒரு பருவத்தில் ஒன்பது பத்து நாளுக்கு ஒரு தடவையாக ஐந்தாறு முறை வருவாள் என்பதைக் கணக்கில் கொண்டாலும், எவ்வளவு பெரிய குடும்பம் என்று பாருங்கள். அந்தக் குடும்பம் தன்னை நாடியவர்களுக்கெல்லாம் கொடுத்தது. கரையைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு எடுத்த மீனவர்களுக்கு முட்டையைக் கொடுத்தது. கோலத் திரெங்கானுவின் பாசார் பாயாங் சந்தைக்கு வியாபாரத்தைக் கொடுத்தது. பின்னாளில் தங்குவிடுதிகளுக்கும் உணவுக் கடைகளுக்கும் பிழைப்பைக் கொடுத்தது. அவர்களைப் பார்க்க வருவோருக்காக ரந்தாவ் அபாங்கில் கட்டப்பட்ட வருகையாளர் நிலையம், பக்கத்துத் தஞ்சோங் ஜாரா விடுதியோடு சேர்த்து, 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதையே பெற்றது.

எங்கள் தோட்டத்திலிருந்தும் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வேன் பேசிக்கொண்டு போனார்கள். தாப்பாவுக்கு இறங்கி, கோலாலம்பூர் சுற்றி, குவாந்தான் போய், கடற்கரைச் சாலையில் வடக்கே ஏற வேண்டும். குழந்தைகளும் சோற்றுத் தூக்கும் போர்வையுமாக ஒரு நாள் பயணம். என் பாட்டி அப்படித்தான் போனாள். நள்ளிரவுக்கு மேல், “வந்துருச்சு, வந்துருச்சு” என்று குரல் கேட்டு ஓடியபோது, அந்தத் தாய் பின்துடுப்புகளால் மாறி மாறி, கைப்பிடி மண் எடுப்பதுபோல அத்தனை பக்குவமாகக் குழி பறித்துக்கொண்டிருந்தாளாம். கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழிந்துகொண்டே இருந்தது. கடல் உப்பை உடம்பு வெளியேற்றும் வழி அது என்பதைப் பாட்டி அறியமாட்டாள். ஏழு பெற்றவளுக்கு அது வேறு விதமாகத்தான் விளங்கியது. முட்டை விழத் தொடங்கியது. பக்கத்தில் குந்தியிருந்தவர் அவை மண்ணைத் தொடுமுன் கையில் ஏந்தி வாளியில் அடுக்கினார். சுற்றிலும் டார்ச் விளக்கும் கேமரா வெளிச்சமும். ஓர் இளவட்டம் ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கச் சொன்னபோது, பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், “அது புள்ள பெத்துக்கிட்டு இருக்குடா, எறங்குடா கீழ” என்று அதட்டினாளாம். தோட்டத்தில் அவள் குரலுக்கு மண்டோரே அஞ்சுவார். அவன் இறங்கிவிட்டான். இன்னொருவன் ஏறியிருப்பான்.

தேயிலைக்காரர்களுக்கு இந்த மரணத்தின் தன்மை எளிதில் பிடிபடும். பழைய செடி ஐம்பது, அறுபது ஆண்டு கொழுந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், மலை பச்சையாகவே தெரியும். இடையில் ஒரு கன்றும் நடப்படவில்லை என்பது பார்வைக்குத் தெரியவே தெரியாது. அங்கே நடந்ததும் அதுதான். தலைமுறைக் கணக்கில் ஏறக்குறைய எல்லா முட்டைகளும் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தபோதும், ஆண்டுதோறும் பெரிய தாய்மார் வந்துகொண்டே இருந்ததால், எல்லாம் நலம் என்று கரையிலிருந்தவர்கள் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்முன் ஆயிரக்கணக்கில் வருவதைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? பெண் குட்டி வளர்ந்து தாயாகத் திரும்பப் பத்து, இருபது ஆண்டு ஆகும். அந்தத் திரும்பும் காலம் வந்தபோது, திரும்ப ஆள் இல்லை.

இருந்த மூத்தவர்களையும் கடல் விட்டுவைக்கவில்லை. எழுபதுகளில் திரெங்கானு கடலில் இழுவை மடிகள் பெருகின. திருக்கை பிடிக்க விரித்த பெருங்கண்ணி வலைகளில் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர இயலாமல் அவர்கள் மூழ்கிச் செத்தார்கள். வடபசிபிக்கில் கணவாய்க்காக மைல் கணக்கில் விரிக்கப்பட்ட மிதவை வலைகள் அங்கே மேய்ந்தவர்களை வாரிக்கொண்டன. ஐக்கிய நாடுகள் சபையின் தடை 1992 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. போதாததற்கு, ஆறுகள் கொண்டுசேர்த்த நெகிழிப் பைகள். நீரில் மிதக்கும் பையும் சொறி மீனும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றே.

காப்பாற்ற முனைந்த கைகளையும் நன்றியோடு நினைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹென்ட்ரிக்சன் ஐம்பதுகளிலேயே இந்நாட்டு ஆமைகளை ஆராயத் தொடங்கினார். 1961-இல் ரந்தாவ் அபாங்கில் முட்டைகளை விலைக்கு வாங்கி வேலிக்குள் புதைத்துக் குஞ்சு பொரிக்கும் பணி தொடங்கியது. திரெங்கானுவில் இருந்து உழைத்த சான் எங் ஹெங், லியூ ஹோக் சார்க் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தின் கடைசிக் காலத்தை, ஒரு நோயாளியின் படுக்கையருகே இருப்பவர்களைப் போல, ஆண்டுக்கு ஆண்டு எழுதி வைத்தார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பொரிப்பகத்தின் வெயில் மணலில் பிறந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாயிருந்தன என்பதை அவர்கள் கண்டுபிடித்தபோது, அன்போடு செய்த அந்தப் பணிக்கு உள்ளே இருந்த குறையும் தெரியவந்தது. இறுதி ஆண்டுகளில் தனித்து வந்த தாய்மாரின் முட்டைகளில் பல பொரியாமலே போயின. இவர்களின் முட்டை விற்பனை எண்பதுகளின் இறுதியில் தடைசெய்யப்பட்டது. சட்டம் வந்து சேர்ந்த நேரத்தில் காக்க வேண்டியவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். 1995-இல் பதிவான குழிகள் 37.

2012-இல் பேங்க் நெகாரா புதிதாக வெளியிட்ட இருபது வெள்ளி நோட்டின் பின்புறத்தில் ஏழுவரித் தாய் ஒருவர் இருக்கிறார், அழுங்கு ஆமைக்குத் துணையாக நீந்தியபடி. தானா ராத்தா சந்தையில் கீரைக்கும் சோளத்துக்கும் அந்த நோட்டை நீட்டும் கைகளில் எத்தனை கைகள் அந்த வரிகளை நிமிர்த்திப் பார்த்திருக்கும் என்று தெரியாது. நான் பார்ப்பதுண்டு. ஏழு வரியும் சரியாகத்தான் வரைந்திருக்கிறார்களா என்று தேடுவதும் உண்டு.

அந்தத் தாய்மாருக்குச் சொந்தங்கள் எஞ்சியிருக்கிறார்கள். திரெங்கானுவின் ரெடாங் தீவில் சாகார் ஹுத்தாங் கரைக்குப் பச்சை ஆமைகள் இன்றும் வருகின்றன. பல்கலைக்கழக மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவு முழுக்க விழித்திருந்து அவற்றின் குழிகளைக் காக்கிறார்கள். அந்த மாநிலத்தில் எல்லா ஆமை முட்டைகளின் விற்பனையும் 2022 ஜூனில் தடைசெய்யப்பட்டது. சென்னைக் கடற்கரையில், 1988 முதல் மாணவர்கள் தை, மாசி இரவுகளில் நடந்து நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொறுக்கிப் பாதுகாத்துவருகிறார்கள். ஏழுவரியின் சொந்த உடன்பிறப்புகள் இலங்கையின் தென்கரையில் கொடவாயாவிலும், பெரிய நிக்கோபார்த் தீவின் கலத்தேயா விரிகுடாவிலும் இன்னும் கரையேறுகிறார்கள். கலத்தேயாவில் பெரிய துறைமுகம் ஒன்றைக் கட்டத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னோடியாக, 2021 ஜனவரியில் அங்கிருந்த வனவிலங்குச் சரணாலயத்தின் அறிவிக்கை நீக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் அங்கே தாய்மார் வந்திருக்கிறார்கள்.